சாம்பல் கிளிக்கு எடுத்த ஸ்கேன்

படித்ததை உடனே யார் மேலாவது பிரயோகித்துப் பார்த்தே தீர வேண்டும் என்ற வியாதி எனக்கு இருந்தது. மாட்டியது ஒரு கிளி.

சங்கரன்கோவிலில் நான் கால்நடை மருத்துவராக உட்கார்ந்த புதிது. வருவதெல்லாம் வயிறு உப்பிய ஆடுகள். நானோ பறவைகளின் இரத்தக்குழாய்களை ஸ்கேனில் பார்ப்பது பற்றி ஆன்லைன் வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு (சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் வேறு!) கிளிக்காகக் காத்திருந்தேன்.

கடையநல்லூர் காதர் பாய் தன் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைக் கூண்டோடு தூக்கி வந்தார்.

"ரெண்டு தடவ மயங்கி விழுந்துட்டு டாக்டரே."

கூண்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அதட்டியது: "மோட்டர அமத்துங்க! தண்ணி வழியுது!"

பாய் சிரித்தார். "எம் வீட்டுக்காரி கொரலு. அவ மவுத்தாயி ரெண்டு வருசமாச்சு. இப்பவும் இது கத்துனா எந்திரிச்சிப் போயி மோட்டரப் பாக்கேன்."

இறந்துபோன மனைவியின் குரல் அது என்று கேட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சூரியகாந்தி விதையாகவே தின்று கொழுத்த கிளி. குழாயில் அடைப்பு இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். "படம் எடுத்துப் பாத்துருவோம் பாய்" என்றேன்.

மனிதர்களுக்கான ஸ்கேன் சென்டரில் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இடம் பிடித்தேன். கிளிக்கு மயக்கம் கொடுத்து, குழாய்கள் பளிச்சென்று தெரிவதற்கான மருந்தை ஊசியில் ஏற்றினேன். கிளியின் இதயம் அடிக்கிற வேகத்தில், நாங்கள் பொத்தானை அழுத்துவதற்குள் மருந்து குழாயைக் கடந்து போய்விட்டது. படத்தில் வெறும் மூட்டம்.

"போதும் டாக்டர், சின்ன உசுரு" என்றார் ஸ்கேன் எடுக்கும் செல்வி அக்கா.

"இன்னொரு தடவ மட்டும்க்கா."

அந்த 'இன்னொரு தடவ'யை மூன்று முறை சொன்னேன். நான்காவதில் வந்தது படம்! கிளை கிளையாக வெள்ளை வெளேரென்று குழாய்கள், நடுவே தடித்த அடைப்பு. ஓடிப்போய் வெளியே நின்ற பாயைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"பாருங்க பாய், எவ்வளவு தெளிவா இருக்கு!"

பாய் திரையைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார்.

"டாக்டரே, அது மூச்சு விடலயே."

இதயம் ஓய்ந்துகொண்டிருந்ததால்தான் மருந்து நின்று நிதானமாகப் படத்துக்குக் காட்சி கொடுத்திருக்கிறது. ஆக்சிஜன் வைத்தேன், விரலால் நெஞ்சை அமுக்கினேன். பலனில்லை.

பாய் கிளியைத் தோள் துண்டில் சுற்றிக்கொண்டார். வாசலில் நின்று கேட்டார்: "அடைப்பு தெரிஞ்சுதுல்லா... அதுக்கு என்ன வைத்தியம்?"

"விதைய நிறுத்தணும் பாய்."

"அவ்வளவுதானா?" என்றார். திட்டவில்லை. காலிக் கூண்டோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

இன்று எங்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்தில் நான் செல்போனை உயர்த்தினால் போதும், "டாக்டர் படம் எடுக்காரு, எல்லாரும் மூச்ச விட்டுக்கிட்டே நில்லுங்க" என்பாள் என் மனைவி. கூட்டமே சிரிக்கும். நானும் பல்லைக் காட்டுவேன். கடையநல்லூரிலிருந்து யாராவது மாடு பார்க்கக் கூப்பிட்டால் மட்டும், வேறொரு டாக்டரின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.