செபஸ்தியம்மாவின் காலில் கட்டிய பருப்பு

ஸ்பிரிங்வெளி, கீழ் லயம்
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் யேசுரத்தினம் அவர்களுக்கு,

மாதாவின் கிருபையால் இங்கு நான் சுகம், கோழிகளும் சுகம். பதுளையில் தாங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். தங்கள் தங்கை செபஸ்தியம்மா மட்டும் அளவுக்கு மீறிய சுகம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் அவள் காதில் விழுந்துவிடும்.

நத்தார்ப் பண்டிகைக்குத் தாங்கள் வந்தபோது, அவள் ரோட்டுக்கு ஏறும் வழியில் பாதிப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். "படி ஏற முடியாத ஆளு இனி இங்க இருக்க வேணாம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். நான்தான் மறித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமையே வேனைக் கொண்டுவந்து அழைத்துப் போங்கள்.

நடந்தது என்னவென்றால், நானே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் றஷீனா மிஸ், காலுக்குப் பாரம் கட்டித் தூக்கச் சொன்னார். தேய்ந்த செருப்பைப் போட்டு நடந்தால் இன்னும் தேயத்தானே செய்யும் என்று நியாயம் கேட்டேன். "முட்டி தேஞ்சது தேஞ்சதுதான் ஐயா. தொடை பலமா இருந்தா முட்டிக்குப் பாரம் குறையும். சும்மா உக்காந்திருந்தா வலி கூடத்தான் செய்யும்" என்றார். அன்று பிடித்தது சனியன். வீட்டிலிருந்த மைசூர்ப் பருப்பை இரண்டு பையில் போட்டு இரண்டு கணுக்காலிலும் கட்டிக்கொண்டாள், கறிக்குப் பருப்பு எங்கே என்றால் காலை நீட்டுகிறாள், ஒரு காலிலிருந்து எடுத்தால் மற்றக் கால் கனத்துவிடுமாம், அதனால் இரண்டிலிருந்தும் எடுத்துச் சமைத்து மூன்று வேளையும் பருப்புத்தான். அதுவாவது வீட்டோடு போகிறது. கதிரையில் உட்கார்ந்து எழும்பும் பயிற்சியைப் போன ஞாயிறு பூசையில், பிரசங்க நேரத்தில் வாங்குப் பலகையிலேயே ஆரம்பித்தாள், பின்வரிசைக்காரர்கள் அவளைப் பார்த்து எழும்ப, கோயிலே எழும்பி நிற்க, ஃபாதர் பிரசங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு, எல்லோரும் நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கிவிட்டார். பூசை சீக்கிரம் முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. மேல் ரோட்டில் பர்ஹான் கடையில் நான் கரம்போர்டு விளையாடுவது இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாது, ஏறி வர முடிந்தால்தானே தெரியும். நேற்று நான் சிவப்புக் காயைக் குறிபார்த்துக் குனிந்திருக்கிறேன், எதிரில் ஒரு சேலை. "தலவலின்னு போர்த்திப் படுத்த மனுசன் இங்க என்ன பண்றீங்க?" கடையே சிரித்தது. மூச்சுக்கூட வாங்கவில்லை மச்சான் அவளுக்கு. இனி என்னால் முடியாது.

தங்கள் இல்லத்தில் சோறும் சமாதானமும் குறையாதிருக்க மாதாவை வேண்டி, வேனை எதிர்பார்த்து நிற்கும்,
தங்கள் அன்பு மச்சான்
சவரிமுத்து

பி.கு: உறையை ஒட்டுமுன் அவள் இதை வாசித்துவிட்டாள். உள்ளே போய்ப் பெட்டியை அடுக்கினாள், அதைத் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை பிடிப்பேன்? பின்னால் ஓடினேன். பாதிப் படியில் என் முட்டி பிடித்துக்கொண்டது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் பெட்டியோடு திரும்பி இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"படி ஏற முடியாத ஆளத்தானே அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னாரு? பெட்டியில இருக்கிறது உங்க உடுப்புதான்" என்றாள்.

ஆகையால் மச்சான், ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வேனைக் கொண்டு வந்துவிடாதீர்கள்.