ரின்பால் உருண்டையும் இல்லாட்டியென்னரும்

பறவைகளை வகை பிரித்துப் பெயர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாம்புகளுக்கும் பெயர் வைத்தாயிற்று. ஆனால், சண்டையால் மின்சாரம் போய், ரயில் போய், தெற்கிலிருந்து வருகிற சாமான்களும் ஒவ்வொன்றாகத் தடைப்பட்டுப் போன இந்த இரண்டரை வருசத்துக்குள் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளவுக்கு வளவு பெருகிவிட்ட ஒரு மனித வகைக்கு இன்னும் எவரும் பெயர் வைக்கவில்லை. ஆகவே நானே வைக்கிறேன்: இல்லாட்டியென்னர்.

அவரைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். எது இல்லையோ அதைச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுங்கள். "சவர்க்காரம் முடிஞ்சு போச்சு" என்று நீங்கள் சொல்லி வாய் மூடுவதற்குள், "இல்லாட்டி என்ன, உடுப்புத் தோய்க்கப் பனம்பழம் கிடக்குத்தானே!" என்று வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும். அதுதான் அவர்.

பெற்றோல் இல்லாட்டி என்ன என்று மோட்டார்சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, ஊர் முழுக்கப் புகையடித்து, அச்சுவேலிச் சந்தை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், திரும்பும்போது உருட்டிக்கொண்டு வருவார். மண்ணெண்ணெய் இல்லாட்டி என்ன என்று ஜாம் போத்தல் விளக்குக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். தேங்காய் எண்ணெயும் இல்லாட்டி என்ன என்று இருட்டில் இருந்துகொண்டு, "கண்ணுக்கு நல்லது" என்பார். பற்றரி இல்லாட்டி என்ன என்று சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மனைவியைப் பெடலைச் சுற்றவிட்டு, டைனமோ தருகிற மின்சாரத்தில் றேடியோவைப் பூட்டி, தான் சாய்மனைக் கதிரையில் சரிந்திருந்து செய்தி கேட்பார். மனைவி களைத்தால் செய்தி நின்றுவிடும். "என்னப்பா, முக்கியமான இடத்திலை நிப்பாட்டிப்போட்டீர்!" என்று அதற்கு ஒரு குறையும் சொல்வார்.

பொய் சொல்லக்கூடாது. அரைவாசி நேரம் அவர் சொல்வது சரியாகவே வரும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

இந்த வகையில் முழு வளர்ச்சி பெற்றவர் எங்கள் தியாகராசா அண்ணை. ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ரயில் இல்லாட்டி என்ன, கைக்கடிகாரம் இருக்கிறதே! இன்றைக்கும் காலையில் அதைப் பார்த்து, "இப்ப மெயில் வந்து நிண்டிருக்கும்" என்று எங்களுக்கு அறிவிப்பார். அவருக்கும், அடுத்த வளவு ஸ்ரெல்லாவுக்கும், எனக்கும் ஒரே பங்குக் கிணறு, ஒரே கப்பி, ஒரே வாளி. ஆகவே நான் சொல்லப்போவது கேள்விப்பட்ட கதை அல்ல. கண்ணால் கண்டது.

விசயம் ஒரு தட்டைப் பற்றியது. கிறிஸ்தவப் பெண்ணான ஸ்ரெல்லா ஒவ்வொரு நத்தாருக்கும் தியாகராசா அண்ணையின் மனைவி நாகேஸ்வரி அக்காவுக்கு நீலப்பூப் போட்ட ஒரு பீங்கான் தட்டில் கேக் அனுப்புவாள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அதே தட்டு பயற்றம் பணியாரத்தோடு திரும்பிப் போகும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஊரில் எவருக்கும் கை வராது. போன நத்தாருக்கு வந்த தட்டு மட்டும் போகவில்லை. பொங்கலுக்குச் சர்க்கரை இல்லை, தீபாவளிக்கு எண்ணெய் இல்லை. "நாலு வாழைப்பழத்தை வைச்சுக் குடும், பழம் கிடக்குத்தானே" என்று கணவர் சொன்னதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. கேக் வந்த தட்டில் கேக்குக்கு நிகரான ஒன்று போகவேண்டும். அது அவருடைய மானப் பிரச்சினை.

அந்தத் தட்டோ ஸ்ரெல்லாவின் தாய் விட்டுப்போன ஆறில் ஒன்று. அவள் கேட்கவில்லை. ஆனால் கிணற்றடியில் கதை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் "ஓம் அக்கா" என்கிற இரண்டு சொல்லில் வந்து நின்றது. இன்னும் மூன்று நாளில் அடுத்த நத்தார். நாகேஸ்வரி அக்கா என் மனைவி பராசக்தியிடம் வந்து அழுதே விட்டார்.

"தட்டைச் சுருட்டிப்போட்டன் எண்டு நினைக்கிறாளோ தெரியேல்லை, பரா. எனக்கு அவளின்ரை முகத்திலை முழிக்க ஏலாமல் கிடக்கு."

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து அக்காவின் தங்கை மகாதேவியின் கடிதமும், கிளாலிக் கடல் கடந்து வந்த ஒருவரின் பையில் தகர ரின்னில் அடைத்த இனிப்புக் கட்டிப்பால், ஒரே ஒரு ரின்பாலும் வந்து சேர்ந்தன. "அக்கா, அடுப்பே மூட்டத் தேவையில்லை. மாரி பிஸ்கற்றை இடிச்சு, ரின்பாலும் கொக்கோவும் பட்டரும் விட்டுக் குழைச்சு, உருட்டித் தேங்காய்ப்பூவிலை பிரட்டி, பிரிஜ்ஜிலை ரண்டு மணித்தியாலம் வையுங்கோ. சொக்கிளேற் உருண்டை எண்டால் உருண்டை!" அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிஸ்கற் தேடிச் சைக்கிளில் அச்சுவேலிக்குப் புறப்பட்டார். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, நான் வருமட்டும் அந்த ரின்னிலை கை வைக்கப்படாது."

இல்லாட்டியென்னர்கள் கெட்டவர்கள் என்று நான் சொன்னேனா? அவர்கள் எதைக் கெடுத்தாலும் அன்பினால்தான் கெடுப்பார்கள். "பாவம், வெய்யிலுக்குள்ளை அலையிறாள். வரேக்கை உருண்டை தயாராய் இருந்தால் எவ்வளவு சந்தோசப்படுவாள்" என்று அண்ணை சொன்னபோது நான் அவருடைய குசினி வாசலில் நின்றேன். அதற்குள் ரின்பால் திறந்தாயிற்று.

"அண்ணை, பிஸ்கற் இல்லையே?"

"இல்லாட்டி என்ன தம்பி, புழுக்கொடியல் மா கிடக்குத்தானே."

அது நல்ல யோசனைதான். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து இடித்த மா அது. அப்படியே சீனி போட்டுச் சாப்பிடலாம். ஆனால் மாப் பேணியைத் திறந்தால் அடியில் ஒரு கரண்டிதான் இருந்தது. அண்ணை அசரவில்லை.

"இல்லாட்டி என்ன, ஒடியல் மா கிடக்குத்தானே!"

நான் பதறிப்போனேன். ஒடியல் என்பது அவிக்காமல் பச்சையாகவே காயவைத்த கிழங்கு. அதன் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்பை வடித்து, பிறகு பிட்டாகவோ கூழாகவோ அடுப்பேற்றினால்தான் வாயில் வைக்கலாம் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

"அண்ணை, அது கசக்குமே!"

"ரண்டும் ஒரே பனைதானே, தம்பி. ரின்பாலின்ரை இனிப்புக்கு முன்னாலை கசப்பு நிக்குமோ?"

கொக்கோவுக்குப் பதில் கோப்பித்தூள் போட்டார். எங்கள் கோப்பித்தூள் வெறும் கோப்பியா? அக்கா மல்லியும் மிளகும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்தது. பட்டருக்கு நல்லெண்ணெய் விட்டார். நான் தடுத்தேனா? இல்லை. தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்வைக்கு அசல் சொக்கிளேற் உருண்டைகளாகவே இருந்தன. பதின்மூன்று உருண்டைகள். எப்படியும் அதிலேதானே போகப்போகிறது என்று அலுமாரியைத் திறந்து ஸ்ரெல்லாவின் தட்டை எடுத்து, அதிலே அடுக்கி, துணியால் மூடிக் கட்டினார். குளிர்ந்த பிறகுதான் ருசி தெரியும் என்று ருசி பார்க்கவுமில்லை. மின்சாரம் போன நாளிலிருந்து பிரிஜ்ஜுக்குள்ளே அரிசியும் பென்சன் கடிதங்களும் இருந்தன. அதனாலென்ன, கிணறு இருக்கிறதே! தட்டை வாளிக்குள் இறக்கி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டு, கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, கடிகாரத்தில் இரண்டு மணித்தியாலம் குறித்துக்கொண்டார்.

ஒரு மணித்தியாலத்தில் ஸ்ரெல்லா தண்ணீர் அள்ள வந்தாள். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். வாளிக்குள் ஒரு பொட்டலம். துணியை விலக்கினாள்.

"என்ரை மாதாவே! அம்மாவின்ரை தட்டு!"

நாங்கள் இருவரும் ஓடினோம். "பிள்ளை, அது உனக்குத்தான்" என்றார் அண்ணை மூச்சு வாங்க. "நத்தார்ப் பலகாரம். கொஞ்சம் குளிரட்டும் எண்டு விட்டனான்."

ஸ்ரெல்லாவின் கண் கலங்கிவிட்டது. "எனக்கோ? நாகேசக்கா என்னோடை கோவமெண்டல்லோ நான் ஒரு வருசமாய் நினைச்சுக்கொண்டிருக்கிறன்!" என்று ஒன்றை எடுத்து முழுதாக வாயில் போட்டாள்.

வேலிப் படலை திறந்தது. நாகேஸ்வரி அக்கா சைக்கிளோடு வந்தார். மூன்று கடை ஏறி இறங்கிக் கண்டுபிடித்த ஒரேயொரு மாரி பிஸ்கற் பக்கற் கூடைக்குள் இருந்தது. தட்டைப் பார்த்தார். குசினி வாசலில் கவிழ்ந்து கிடந்த ரின்னைப் பார்த்தார். ஸ்ரெல்லாவின் வாயைப் பார்த்தார். அந்த வாய் மென்றது, நின்றது, மறுபடி மென்றது. கண்ணிலிருந்து பொலுபொலுவென்று தண்ணீர் கொட்டியது. துப்பவில்லை. விழுங்கினாள்.

"நல்லாயிருக்கு அக்கா."

அக்கா ஒன்றை எடுத்துக் கடித்தார். உடனே துப்பினார்.

"முழு ரின்னையும் ஊத்தினீங்களோ?"

"ஓமப்பா."

"ஒடியல் மாவுக்கை?"

அண்ணை வானத்தைப் பார்த்தார். அக்கா கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். அப்போது ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அக்கா, என்ரை நாக்கு செத்துப்போச்சு அக்கா!" என்றாள். அக்காவும் சிரித்தார். ஒரு வருசச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்து முடித்து, அந்தக் கிணற்றுக்கட்டிலேயே இருந்து இருவரும் மாரி பிஸ்கற்றை வெறும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார்கள். தட்டு கழுவித் துடைத்து, மிச்சப் பிஸ்கற் ஆறோடு ஸ்ரெல்லாவின் வீட்டுக்குப் போனது.

"பாத்தியே தம்பி," என்றார் அண்ணை என் காதுக்குள். "உருண்டை சரிவராட்டி என்ன, ரண்டு பேரும் கதைச்சுப்போட்டினம்தானே!"

அவருக்கு அன்று மத்தியானம் அக்கா சோற்றுக் கோப்பையில் உருண்டை ஒன்றை வைத்தார்.

"சோறு எங்கையப்பா?"

"சோறு இல்லாட்டி என்ன, உருண்டை கிடக்குத்தானே!"

சிரிக்கிறீர்கள். நல்லது. நான் இதை எழுதுவது பழைய கலியாண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில். தாள் இல்லாட்டி என்ன என்று. என்னை விடுங்கள். நீங்கள்? 'இது பெரிய இலக்கியமாய் இல்லாட்டி என்ன, பொழுதுபோகக் கிடக்குத்தானே' என்று நினைத்துக்கொண்டுதானே கடைசி வரி வரைக்கும் வந்தீர்கள்? மறைக்காதீர்கள், நீங்களும் எங்கள் ஆள்தான். ஒரு நாளைக்கு வீட்டுப் பக்கம் வாருங்கள், கையில் ஒரு தட்டோடு. வெறும் தட்டைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. உருண்டை இன்னும் பத்துக் கிடக்கிறது.