சுற்றுகிற நாற்காலி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசத் தெரியும். நான் மானம் கெட்டதெல்லாம் அதனால்தான். (நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "மெதுவா சொல்லு ஆயா" என்று முறைக்கிறாள்.)

அப்போது நெய்வேலியில் ஒரு பக்கம் சுரங்கம் தோண்டினார்கள், ஒரு பக்கம் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். சாப்பிடுகிற இட்லியிலும் செம்மண் புழுதி. அந்த இட்லி என்னுடையது. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து கீற்றுக் கொட்டகையில் கடை போட்டிருந்தேன். குவார்ட்டர்ஸ் கட்டிய ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் ஆபீசுக்குத் தினமும் இட்லி போகும். மூன்று மாசமாகக் காசு வரவில்லை.

ஒரு நாள் காலையில் கூடையோடு போனால், மேனேஜர் சுவரிலிருந்த சாமி படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். சாமியே கிளம்புகிறது என்றால் என்ன அர்த்தம்? வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டேன்.

"காசு குடுங்க. இல்லன்னா நவுர மாட்டேன்."

"சத்தியமா இல்லம்மா. கம்பெனி முழுவிப் போச்சி. வெளிய சொல்லிடாத."

"அப்ப அந்த நாக்காலிய குடுங்க."

அது சாதாரண நாற்காலியா? மெத்தை வைத்தது, உட்கார்ந்தபடியே சுற்றலாம். தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். நாலாம் நாள் ஆபீசில் பூட்டு.

மைன்ஸ் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து சோறு, வெற்றிலை, சண்டை எல்லாம் அதில்தான். பக்கத்துக் குடிசைப் பச்சையம்மா கூச்சத்தோடு வந்து நிற்பாள். அவள் புருஷன் அதே கம்பெனியில் கொத்தனார், கூலி பாக்கியோடு வேலை போனவர்.

"ஒரு சுத்து சுத்திக்கட்டுமாக்கா?"

"ரெண்டே சுத்து. தேஞ்சிடும்."

நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ பூ வேலை. தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பக்கத்தில் குங்குமமும் வைப்பேன்.

ஒரு மாசம் கழித்து மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் கடைக்கு வந்தார். பெரிய மனுஷர் ஆயிற்றே என்று நாற்காலியைப் போட்டேன். இட்லியைப் பிட்டபடி, "அந்தக் கம்பெனிய ஒங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார். கேட்க வேண்டுமா!

"முழுவப் போவுதுன்னு எனக்கு மின்னாடியே தெரியும் சார். மத்தவன்லாம் ஏமாந்துகினு நின்னான். நான் மட்டும் மேனேஜர மடக்கி, பூட்றதுக்கு மூணு நாளு மின்ன இத வாங்கியாந்துட்டேன்!"

அவர் இட்லியை வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். என் சாமர்த்தியத்தை எழுதுகிறார் என்று நினைத்து இன்னொரு இட்லி வைத்தேன். எழுந்து நாற்காலியைத் திருப்பினார். நான் குங்குமம் வைத்த பூ வேலையை வாய்விட்டுப் படித்தார். கம்பெனி பேர், நம்பரோடு.

கம்பெனிச் சொத்தைத் தேடிச் சேர்க்கக் கோர்ட்டு அனுப்பிய ஆளாம்!

"முழுவுற நேரத்துல ஒருத்தருக்கு மட்டும் தூக்கிக் குடுத்தா செல்லாதும்மா. பாக்கி இருக்கிற எல்லாருக்கும் அதுல பங்கு."

"சார், இம்மா நேரம் நான் சொன்னதுலாம் பொய்யி."

"அப்ப நாக்காலி எப்டி வந்துச்சி?"

"அது... தானா சுத்திக்கினே வந்துடிச்சி சார்."

"மூணு மாச இட்லி சார்! மூணு மாசம்!" என்று அப்புறமும் கத்தினேன். கடையில் கூடியிருந்த கூட்டத்திலிருந்து பச்சையம்மா மெதுவாகக் கேட்டாள்:

"மின்னாடியே தெரியுமாக்கா ஒனக்கு? எங்க வூட்டுக்காரு அந்த மூணு நாளும் செவுரு கட்டிக்கினு இருந்தாரே."

ஆபீசர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, நானே நாற்காலியைத் தூக்கிப்போய் அவர் வண்டியில் ஏற்றினேன். வீட்டுக்காரர் ஒரு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டார். தரையில் உட்காரவே மறந்துவிட்டாராம்!

சாமான்களை ஏலம் விட்டு முதலில் கூலிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். பச்சையம்மா புருஷனுக்குக் கூலி வந்தது. மிச்சத்தில் என் பங்கு ஒரு படி உளுந்து வாங்கத்தான் போதுமாயிருந்தது. அந்த உளுந்தில் சுட்ட முதல் வடையைப் பச்சையம்மாவுக்குத்தான் கொண்டுபோனேன். "ரெண்டே கடி. தேஞ்சிடும்" என்று சொல்லி அதை என்னிடமே நீட்டிச் சிரித்தாள், பாவி.

இன்றைக்கும் அசலாரிடம் நான் வாயைத் திறந்தால் வீடே "ஆயா, நாக்காலி!" என்று கத்தும். போன மாசம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேச்செடுத்தேன். நாலு பக்கமும் "ஆயா, நாக்காலி!" பாவம், மாப்பிள்ளைப் பையன் பதறி எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டான்.

உட்கார்ந்து பார்த்தேன். அது சுற்றவில்லை.