வலிக்காத வியாதி

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம், நான் ஒரு நோயாளி ஆவது என்று தீர்மானித்தேன்.

பின்னே என்ன? பதினெட்டு வருஷமாகத் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிபலகையை மிதிக்கிறவன் நான். பத்து நாள் பகலில் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதுதான் என் வாழ்நாள் ஆசை. ஆனால் காய்ச்சல் என்றால் என் மனைவி அம்சா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தலைவலி என்றால் மூஞ்சியைப் பார்ப்பாள். அவளிடம் ஒரு வியாதியும் செல்லாது.

அப்போதுதான் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரு டாக்டரம்மா முகாம் போட்டார். நோயே இல்லாதவர்களின் சிறுநீரைச் சோதிக்கிற முகாம். பக்கத்து வீட்டுப் பரந்தாமன் கொடுத்ததில் படுபொல்லாத கிருமி இருந்ததாம். விட்டால் சிறுநீரகத்துக்கே ஏறிவிடுமாம். பத்து நாள் மாத்திரை, பார்லித் தண்ணீர், படுக்கை என்று உத்தரவு. மாத்திரை வர மூன்று நாளாகும்; படுக்கை அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் பரந்தாமன். பக்கத்தில் அவன் மனைவி கமலா விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"எங்கனா நோவுதா?"

"நோவே இல்ல. அதான் டேஞ்சராம்."

வலியே இல்லாத வியாதி! முருகன் எனக்காகவே மலையிலிருந்து இறக்கி அனுப்பியிருக்கிறான்.

அன்று தறியில் உட்கார்ந்தபடியே கனவு கண்டேன். கட்டிலில் கிடக்கிறேன். தணிகை மலை உச்சியில் ஒரு வெள்ளை மேகம், இறங்கலாமா வேண்டாமா என்று நிற்கிறது. கோயில் மணி அடிக்கிறது, என்னை எழுப்ப இல்லை. அரக்கோணம் வண்டி எங்கேயோ கூவிக்கொண்டு போகிறது. அதில் ஏற வேண்டியவன் நானில்லை. காற்று என் பனியனுக்குள் புகுந்து தூங்கிவிடுகிறது. கட்டில் மெல்லத் தரையை விட்டு எழும்பி, மேகத்தோடு சேர்ந்து மலையைச் சுற்றி வருகிறது. கீழேயிருந்து அம்சா பார்லித் தண்ணீரை நீட்டுகிறாள்...

"பாவா! இழை அறுந்து எவ்ளோ நேரமாச்சு, எங்க பாத்துகினு கீறீங்க?" என்றாள் அம்சா.

மறுநாள் காலை மதில் மேல் காலிப் புட்டியை நீட்டினேன்.

"பரந்தாமா, உன்னோடது கொஞ்சம் குடு."

"இன்னாத்துக்கு?"

"நட்புக்குத்தான்."

நிரப்பிக் கொடுத்தான். 'தேசப்பன்' என்று என் பெயர் எழுதிய சீட்டை, தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைத் தொட்டுப் புட்டியில் ஒட்டினேன். அம்சா முகாமுக்கென்று தன் பெயர் ஒட்டி வைத்திருந்த புட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் முகாமுக்கு அவள்தான் எடுத்துப் போனாள். மூத்திரப் புட்டியோடு ஆம்பிளை தெருவில் நடப்பதா என்று கௌரவம் பார்த்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். முகத்தை முடிந்தவரை பரிதாபமாக வைத்துக்கொண்டேன்.

"தேசப்பன், உங்களுக்கு ஒண்ணுமில்ல. அம்சாவுக்குத்தான் பொல்லாத கிருமி. பத்து நாள் அவங்க ஒரு வேலையும் செய்யக் கூடாது."

திரும்பிப் பார்த்தேன். அம்சா கட்டிலை முருங்கை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா போனதும் பாய்ந்தேன். "சீட்ட மாத்தி ஒட்டினியா?"

"கஞ்சி காயவே இல்ல பாவா. தானா கையோட வந்துச்சி."

"உனக்கு யார் சொன்னது?"

"கமலாதான். 'உங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுக்காரருகிட்ட இன்னாத்த வாங்கிகினு போறாரு'ன்னு கேட்டுச்சி."

"டாக்டரம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுவேன், ஆமா!"

"சொல்லுங்க. அடுத்த வூட்டாளுது கேட்டு வாங்கினேன்னு தெருவுக்கே கேக்கறாப்ல சொல்லுங்க."

சொல்லவில்லை. பத்து நாளும் தறி நான், அடுப்பு நான், பார்லியும் நான். மாத்திரைகள் டப்பாவிலேயே ஓய்வெடுத்தன. அம்சா படுத்துக்கொண்டு மலையையும் மேகத்தையும் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்து வந்து போனது. இத்தனை வருஷத்தில் அவள் பகலில் படுத்து நான் பார்த்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. பார்லியில் ருசிக்காக ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொடுத்தேன்.

பதினோராம் நாள் மறுபடி சோதித்தார்கள். சுத்தம். டாக்டரம்மா என்னைத் தெருவே கேட்கப் புகழ்ந்தார். "இப்படி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்! ஆனா இந்தக் கிருமி சத்தமில்லாம திரும்பி வரும். மூணு மாசத்துக்கு இப்படியே பாத்துக்குங்க."

அம்சா தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா, இவரு மறந்துடுவாரு."