பஸ்ரியாம்பிள்ளை வீட்டுக் காற்றோட்டம்

உலகில் சுவர் கட்டியவர்களுக்குப் பஞ்சமில்லை. சுவரை எடுத்தவர்களால்தான் நாகரிகம் ஓரடியாவது முன்னே வந்திருக்கிறது. அத்தகைய மகான் ஒருவரை நாரந்தனையும் பெற்றிருந்தது. மலாய் நாட்டு ரயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து வந்த பஸ்ரியாம்பிள்ளைதான் அவர்.

மாமனாரின் மகிமை மருமகன் மரியதாசனுக்குச் சற்றுப் பிந்தியே விளங்கியது. கல்லூரியில் படித்தவன், எதுவும் பிந்தித்தான் விளங்கும்.

இறந்துபோன அவன் மனைவி பிலோமினாவின் ஆண்டுப் பூசை முடிந்து, சாப்பிட்ட உறவினர் வெற்றிலைக்குக் கை நீட்டிய வேளை. பஸ்ரியாம்பிள்ளை கதிரையில் நிமிர்ந்து தமது 'பிரேரணை'யைச் சமர்ப்பித்தார்.

“இந்த வீட்டிலை காற்றோட்டம் இல்லை. விறாந்தைக்கும் அந்த அறைக்கும் நடுவிலை நிக்கிற சுவரை எடுத்தால் பெரிய ஹோல் ஒண்டு வரும். கோலாலம்பூரிலை துரைமாரின்ரை வீடெல்லாம் அப்பிடித்தான்.”

துரைமார் வீடுகளை அவர் வாசலில் நின்று பார்த்தவர். ஆகவே ஹோல் என்னும் பெரிய கூடத்தைப் பற்றி மட்டும் அவருக்குப் பூரண ஞானம் உண்டு.

'அந்த அறை' மரியதாசனுடைய அறை. பிலோமினா வாழ்ந்ததும் கண் மூடியதும் அங்கேதான். அவளுடைய செபமாலை அந்தச் சுவரின் ஆணியில் தொங்கியது. அவனுக்கென்று மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

பிள்ளையில்லாமல் பெண் இறந்தால் சீதன வீடு பெண்வீட்டாருக்கே திரும்பும், அது தேசவழமை. மருமகனைப் பார்த்து 'எழும்பிப் போ' என்று சொல்வதோ எந்த வழமையிலும் இல்லை. இளைய மகள் கிறேசுக்குச் சீதனமாக வீடு வேண்டும், மரியாதையும் கெடக்கூடாது. இந்த இக்கட்டில் குடும்பத்துக்குக் கைகொடுத்தது சுகாதார விஞ்ஞானம்.

“தம்பியின்ரை நன்மைக்குத்தான்,” என்றார் மாமியார் திரேசம்மா. “புழுக்கத்திலை கிடந்து மெலிஞ்சு போனார்.”

“எனக்குப் புழுக்கமில்லை மாமி.”

“பாத்தியளே, புழுங்கிறதுகூடத் தெரியேல்லை பிள்ளைக்கு!”

பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்தவரின் வாக்கு, அவர் நன்மையைக் கருதி, ஆதரவு வாக்காக எண்ணப்பட்டது.

குறித்த நாளில் மேசன் சவிரிமுத்து இரும்பு அலவாங்கை ஓங்கினான்.

“பொறு சவிரி!” என்று மகான் தடுத்தார். “வீட்டுக்கு நாட்கல் வைக்கேக்கை மூத்த மருமகனை முன்னுக்கு விடுறம். சுவர் எடுக்கேக்கை மட்டும் மரியாதை வேண்டாமோ? முதல் குத்து தம்பி குத்தட்டும்.”

சவிரிமுத்து அலவாங்கைக் கொடுத்தான். “மாப்பிளை, நான் இடிச்ச ஒரு சுவருக்கும் இந்த மரியாதை கிடைச்சதில்லை.”

மரியதாசன் செபமாலையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். குத்தினான். சுண்ணாம்பு உதிர்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கிறேஸ் தட்டவில்லை. “அத்தானின்ரை கட்டிலை இனி எங்கை போடுறது?” என்று கேட்டாள்.

“ஹோலுக்கை கட்டிலோ? துரைமார் கண்டால் சிரிப்பினம்,” என்றார் தகப்பனார். பிறகு மருமகனைப் பார்த்துக் கனிந்தார். “தம்பி எங்கை வேணுமெண்டாலும் படுக்கலாம். இனி எல்லாம் ஒரே இடந்தானே!”

எங்கேயும் படுக்கலாம் என்ற சுதந்திரத்தை மரியதாசன் ஒரு கிழமை அனுபவித்தான். பிறகு பெட்டியைத் தூக்கினான். பஸ்ரியாம்பிள்ளை வாசல் படலைவரை ஓடிவந்தார், கண் கலங்கியிருந்தது.

“ஏன் தம்பி போறியள்? ஆர் உங்களைப் போகச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை மாமா.”

ஊர்காவற்றுறையில் லோஞ்ச் படகு ஏறி யாழ்ப்பாணம் போனான்.

கிறேசின் கலியாணம் புது ஹோலில் சிறப்பாக நடந்ததாக அறிந்தான். மாப்பிள்ளை சில்வெஸ்ரருக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம். மிச்சத்தைச் சில மாதங்கள் கழித்து யாழ்ப்பாணத்துப் பெரிய கடைத் தெருவில் எதிர்ப்பட்ட சவிரிமுத்து சொன்னான்.

“புது மாப்பிளை ஹோலைச் சுற்றிப் பாத்திட்டு, 'எங்களுக்கு ஒரு அறை வேணுமே மாமா' எண்டார். அடுத்த கிழமை நான்தான் சுவர் கட்டினனான். அதே இடம், அதே கல்லு.”

“காற்றோட்டம்?”

“நானும் கேட்டனான். 'இப்ப காற்றுத் தாராளமா வருது' எண்டார் ஐயா.”

மரியதாசன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். “அந்த ஆணி?”

“திரும்ப அடிச்சு விட்டனான். புது மாப்பிளையின்ரை தொப்பி கொழுவ வேணுமாம்.”

பஸ்ரியாம்பிள்ளையின் விஞ்ஞானம் அன்றுதான் அவனுக்கு முழுதாக விளங்கியது. அந்த வீட்டில் காற்றை மறித்துக்கொண்டு நின்றது சுவர் அல்ல.