ஆறிடப் போகுது, என் ராணி

"தாக்கோ! கூடைத் தாக்கோ! உருளைக்கிழங்கு, பயறு, பன்றித்..."

அவ்வளவுதான். தெருவின் பாதியில் ஒலிபெருக்கி தொண்டையடைத்து நின்றுவிட்டது.

டெல்ஃபினா, சோள ரொட்டிக்குள் பூரணம் வைத்து மடித்த தாக்கோக்கள் நிறைந்த கூடையோடு மூன்று சக்கர சைக்கிளை ஓரமாக நிறுத்தினாள். "என்னய்யா ஆச்சு உனக்கு? வருஷம் பூரா கத்திட்டு, இன்னிக்குன்னு பார்த்தா படுத்துக்கணும்?" என்று ஒலிபெருக்கியைக் கேட்டாள்.

பழச்சாறு கடை ஒஃபேலியா ஆரஞ்சுப் பழத்தை நறுக்கியபடியே எட்டிப் பார்த்தாள். டெல்ஃபினா ஒலிபெருக்கியோடு பேசுவது அந்தத் தெருவில் யாருக்கும் புதிதில்லை. அதில் வருவது அவள் கணவன் அனிசெத்தோவின் குரல். அனிசெத்தோ செத்து நான்கு வருடமாகிறது. குரல் மட்டும் தினமும் காலை எட்டு மணிக்கு அவளோடு வேலைக்குக் கிளம்பிவிடும். வழியில் மேடு வந்தால், "இரு, மிதிக்கிறேன்ல?" என்பாள். மழை வந்தால் அதன் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, "நனையாதே" என்பாள்.

"அக்கா, மணி பத்தாச்சு. பன்னெண்டுக்குள்ள எழுந்துடுவாரா?" என்றாள் ஒஃபேலியா.

அதுதான் கவலை. மார்ச் முப்பத்தொன்று, தாக்கோ தினம். தெரு முழுக்க வண்ணக் காகிதத் தோரணம். பதின்மூன்று கடைக்காரர்களும் பன்னிரண்டு மணிக்கு ஒரே நேரத்தில் வியாபாரத்தைத் தொடங்க வேண்டும். எதை வைத்துத் தொடங்குவது என்று கூட்டம் போட்டபோது, பன்றி வறுவல் கடை எவரார்தோ, சங்கத் தலைவர் என்ற முறையில், இரண்டு பக்கத்தில் ஒரு சொற்பொழிவு எழுதிக்கொண்டு வந்திருந்தார். தெரு அதைக் கேட்காமலே நிராகரித்தது. "பேச்செல்லாம் வேணாம் தலைவரே. அனிசெத்தோ குரலைப் போடுங்க. அதைக் கேட்டாத்தான் எங்களுக்குப் பசிக்கும்" என்றார்கள். அன்றிலிருந்து தலைவர் அந்த இரண்டு பக்கத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார்.

டெல்ஃபினா கூடைக்கு அடியில் கட்டியிருந்த கேசட் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நாடா சேமியா மாதிரி சுருண்டு கிடந்தது. விரலில் பிசுக்கென்று கொழுப்பு ஒட்டியது. விழாவாயிற்றே என்று காலையில் நூறு தாக்கோ அதிகமாக அடுக்கி, ஒன்றுக்கு மூன்று கரண்டியாகக் காய்ந்த எண்ணெயை ஊற்றியிருந்தாள். தாக்கோ வியர்த்தது. கூடை வியர்த்தது. கடைசியில் அனிசெத்தோவும் வியர்த்துவிட்டான்.

"நானே ஊத்திக் கெடுத்துட்டேன்டி" என்றாள்.

"பென்சில் விட்டுச் சுத்துக்கா. ஈரத்தை நான் பார்த்துக்கறேன்."

ஒஃபேலியா பார்த்துக்கொண்டது இப்படி: நாடாவைத் துணியில் துடைத்து, பக்கத்துக் கடையில் சோள ரொட்டி சுடும் கல்லுக்கு மேலே தோரணம் போலப் பிடித்துக் காய வைத்தாள். கல் சூடாக இருந்தது. தேவைக்கு மேல் சூடாக இருந்தது.

திரும்பப் போட்டார்கள்.

"தாஆஆஆக்...கோஓஓஓ..." என்றது குரல், கிணற்றுக்குள்ளிருந்து மாடு கூப்பிடுவது போல.

வழியில் போன ஒருவர் தொப்பியைக் கழற்றி, "யாரு தவறிட்டாங்க?" என்று மரியாதையாக விசாரித்தார்.

இந்த நேரத்தில் குழல் சத்தம் கேட்டது. கத்தி சாணை பிடிக்கும் பிளாசிதோ வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் சாணைக்கல் கட்டிய சைக்கிளோடு வருவார். அவர் தொழிலில் கூவுவது கிடையாது. குழல் ஊதினால் வீட்டிலிருந்து கத்தி வந்துவிடும். பிளாசிதோவோ கூவாதது மட்டுமில்லை, பேசியும் அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. ஊமை என்றார்கள் சிலர். ஏதோ புனிதருக்கு வேண்டுதல் என்றாள் ஒஃபேலியா. டெல்ஃபினாவின் கூடை முன்னால் வந்து நான்கு விரலைக் காட்டுவார். நான்கு உருளைக்கிழங்கு தாக்கோ. அவ்வளவுதான் பேச்சு.

இன்றும் நான்கு விரல்.

"இருங்கண்ணே. பன்னெண்டு மணிக்குத்தான். இந்த மனுஷனுக்கு வேற உடம்பு சரியில்ல" என்று டெல்ஃபினா ஒலிபெருக்கியைக் காட்டினாள்.

பிளாசிதோ ஒலிபெருக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போவது போல வாயைத் திறந்தார். பிறகு அதில் ஒரு துண்டு ஊறுகாய் காரட்டைப் போட்டு மூடிக்கொண்டார்.

ரேடியோ கடை ரமிரோவை ஒஃபேலியா கையோடு இழுத்துவந்தாள். அவன் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"உருகின இடத்தையெல்லாம் வெட்டிட்டு ஒட்டிடலாம்க்கா."

"குரல் போயிடாதே?"

"குரல் எங்க போகும்? உள்ளதான இருக்கு!"

வெட்டினான், ஒட்டினான். டெல்ஃபினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"பன்றி! வா, என் ராணி! உருளைக்கிழங்கு ஆறிடப் போகுது!"

அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி சட்டென்று நின்றாள். "யாரைப் பார்த்துச் சொல்றீங்க?"

"உங்களை இல்லீங்கம்மா, இது செத்துப்போனவரு..."

"செத்தும் திமிரு குறையல போல" என்று சொல்லிவிட்டு அவள் விடுவிடுவென்று போனாள்.

ஒஃபேலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டெல்ஃபினாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குரலின் கடைசி வரி எந்தக் கோலத்தில் வந்தாலும் அவள் அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகருவாள்.

முழு வரி இதுதான்: "வா, என் ராணி, ஆறிடப் போகுது!" சந்தையில் தக்காளி விற்பவன்கூட வருகிறவளையெல்லாம் ராணி என்றுதான் கூப்பிடுவான். அனிசெத்தோ அந்த ரகமில்லை. சூப்பில் உப்பு குறைந்தால் உப்புக் குப்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளாகக் கவனித்து நகர்த்தித் தர வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவளை அவன் கூப்பிட்டதெல்லாம் 'இங்க பாரு' என்றுதான். அதையும் சுவரைப் பார்த்துச் சொல்வான். சைக்கிளில் போனாலும் வெறும் மணியை அடித்துத்தான் தாக்கோ விற்றான்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ போய்விட்டு வந்தவன், கேசட்டைப் பெட்டியில் போட்டு மேசைமேல் வைத்தான். பொத்தானை அழுத்திவிட்டுத் துணி துவைக்கும் தொட்டியடிக்குப் போய், அழுக்கில்லாத கையைக் கழுவிக்கொண்டு நின்றான். அந்தக் குரல் வீட்டையே நிறைத்தது. ராணி என்ற இடத்தில் லேசாக ஒரு தயக்கம், பிறகு குழைவு.

"நீயா பேசினே?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"ம்" என்றான். காது இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டுதான் அவள் மிச்சக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"புதுசாப் பதிஞ்சுடலாம்!" என்ற சத்தம் கேட்டுத் திரும்பினாள். தலைவர் எவரார்தோ வந்திருந்தார். கையில் வறுவல் கிளறும் துடுப்பு. "என் குரலைத் தர்றேன். தெருவுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

"வேணாம் தலைவரே."

"இன்னிக்கு ஒருநாள் மட்டும். பழையது அப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கம் காலியாத்தான இருக்கு ரமிரோ?"

"காலிதான்" என்று ரமிரோ கேசட்டை வெளியே எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டான்.

"நல்லாப் பார்த்துப் போடுப்பா. அந்தப் பக்கம்தானே?" என்றாள் டெல்ஃபினா.

"அந்தப் பக்கம்தான்க்கா. இருபது வருஷமா இதே தொழில்." சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். தன் குரல் தனக்கே பிடித்துப்போயிருக்க வேண்டும். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. "அன்பார்ந்த தாக்கோப் பெருமக்களே!" என்று ஆரம்பித்தவர், இரண்டு பக்கத்தையும் கமா முற்றுப்புள்ளியோடு வாசித்து முடித்துத்தான் நிறுத்தினார்.

ரமிரோ கேசட்டைத் திருப்பினான். வெறும் இரைச்சல். மறுபடி திருப்பினான்.

"அன்பார்ந்த தாக்கோப் பெருமக்களே!"

மறுபடி திருப்பினான். இரைச்சல்.

அனிசெத்தோவின் குரல் இருந்த பக்கத்தில்தான் சொற்பொழிவு பதிந்திருந்தது. ரமிரோ தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கம்தானேன்னு கேட்டீங்க... நானும் அந்தப் பக்கம்னுதான்க்கா..." தலைவர் இரண்டு பக்கத்தையும் நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், மேலும் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

டெல்ஃபினா கூடையின் நீலப் பிளாஸ்டிக்கை இழுத்து மூடினாள். ஒஃபேலியாவின் பழப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். "அவரு முதல் தடவை போனப்போ குரலாவது இருந்துச்சு. இப்ப அதையும் நானே கொழுப்பை ஊத்திக் கொன்னுட்டேன்" என்றாள் மெதுவாக.

மணி பன்னிரண்டு. பதின்மூன்று கடைகளும் காத்திருந்தன. இறைச்சி வெட்டுகிறவர்கள் கத்தியைத் தூக்கியபடி நின்றார்கள். தெருவில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை.

பிளாசிதோ கூடை முன்னால் வந்தார். நான்கு விரலைக் காட்டினார்.

"இன்னிக்குக் கிடையாதுண்ணே. அவரு போயிட்டாரு."

பிளாசிதோ குழலைச் சட்டைப் பையில் வைத்தார். மீசையைத் துடைத்தார். வானத்தைப் பார்த்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல ஒரு தடவை தலையசைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"தாக்கோ! கூடைத் தாக்கோ! உருளைக்கிழங்கு, பயறு, பன்றித்தோல்! வா, என் ராணி, ஆறிடப் போகுது!"

தெரு மொத்தமும் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தது. அதன் ஒயர் ரமிரோவின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் பதின்மூன்று கடைகளிலும் கத்தி பலகையில் இறங்கியது. விழா தொடங்கிவிட்டது.

டெல்ஃபினா எழுந்து நின்றாள்.

"நீங்களா?"

"நான்தாங்க" என்றார் பிளாசிதோ. அதே குரல், தகரத்தில் அடிபடாததால் கொஞ்சம் மென்மையாக இருந்தது. "மைக்கைப் பார்த்தா அவருக்கு நாக்கு ஒட்டிக்கும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. வாயைத் திறந்தா தெருவுக்கே தெரிஞ்சுடுமேன்னு பதினோரு வருஷமா ஊதியே காலத்தை ஓட்டிட்டேன்."

"அப்ப..." ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அந்த ராணியும் நீங்கதானா? அவரு இல்லையா?"

பிளாசிதோ அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"ஐயோ, இல்லீங்க. 'தாக்கோ விக்க எனக்குச் சைக்கிள் மணியே போதும், இந்த ஒரு வார்த்தையை அவகிட்ட தினமும் சொல்லத்தான் ஒரு ஆளு வேணும்'னு அவருதான் வந்தாருங்க."