பாயசத்தைத் தீர்த்த பாட்டுகள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே நடக்கும் கல்யாணங்களில் ஆம்ப்ளியின் சம்மதம் இல்லாமல் ஓர் அப்பளம்கூட நொறுங்க முடியாது. மாப்பிள்ளை இல்லாமல் வேண்டுமானால் பந்தி தொடங்கலாம், ஆம்ப்ளி இல்லாமல் தொடங்காது.

மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஆம்ப்ளிஃபயரைச் சுருக்கி ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆம்ப்ளி. அப்பா அம்மா வைத்த பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற மைக் செட்காரர்கள் ஒயரை இழுத்து, பாட்டைப் போட்டுவிட்டு, செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார்கள். ஆம்ப்ளி சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியோடு உட்கார்ந்து, விரித்த இலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பக்கத்துப் பந்தியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் பின்னால் வந்து நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். பருப்பில் தொடங்கி, போளியும் பால்பாயசமும் வந்து, மோர் குடித்து, இலையை மடக்கி எழும்புகிற வரைக்கும் அவர் மூச்சு நம் பிடரியில் பட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் கூட்டத்தைக் கலவரம் இல்லாமல் உள்ளே விட்டு வெளியே அனுப்புவது தன்னுடைய பாட்டு மட்டும்தான் என்பது ஆம்ப்ளியின் கொள்கை.

"பாட்டு கேட்டா ஆளு எழும்பணும். எழும்பல்லேன்னா அது பாட்டில்ல, படுக்கையாக்கும்" என்பார்.

விமர்சனமும் அந்தக் கணக்குப்படிதான். நாடே தலையில் வைத்து ஆடிய ஒரு சினிமாப் பாட்டை, "சாம்பார் தாண்டாது" என்று இரண்டே வார்த்தையில் தள்ளிவிட்டார். இன்னொன்றுக்கு, "மோர் வரைக்கும் போவும்" என்று மரியாதை செய்தார். காஞ்சிரங்குளத்தில் ஒரு பெண்ணின் தகப்பன், பந்தியில் ஒரே ஒரு சோகப் பாட்டு போடும்படி கெஞ்சினார். "அழுதுட்டு தின்னா ரெண்டாமதும் சோறு கேப்பானுவ. ஒமக்கு அரிசி உண்டா?" என்று கேட்டார் ஆம்ப்ளி. தகப்பன் நேரே அரிசி மூட்டையை எண்ணப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவரின் கையில் என் ஆல்பம் போய்ச் சிக்கியது.

இரண்டு வருஷம் மாய்ந்து மாய்ந்து, நானே எழுதி, மெட்டுப் போட்டு, கிதார் வாசித்துப் பாடிய எட்டுப் பாட்டுகள். எல்லாமே இதமான மெட்டுகள், யாரையும் அதட்டாதவை. நாலு பேர் மனசாரப் பாராட்டினால் இனி பாட்டுதான் என் பிழைப்பு, இல்லையென்றால் நெய்யாற்றின்கரையில் அத்தானின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டில் எல்லாரும் டைல்ஸுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள்.

பாராட்டு வந்தது. சென்னையிலிருந்து ஓர் இணைய விமர்சகர், "கிதார் இதம், பாடகரின் தமிழில்தான் மலையாள வாடை" என்று எழுதினார். திருவனந்தபுரத்து விமர்சகரோ, "தமிழ் ஆல்பமாக இருந்தாலும் கேட்கலாம்" என்று தாராளம் காட்டினார். ஆளுக்கு ஒரு பக்கமாக என்னை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். ரசிகர்கள் தரப்பில் பதினொரு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள். பத்தாவது ஆசாமி வீட்டுமனை விற்கிறவர். பதினோராவது ஆள், கிதாரை விற்கிற உத்தேசம் உண்டா என்று கேட்டிருந்தார்.

எந்தப் பக்கமும் சாயாத ஒரு காது வேண்டும் என்றுதான் பென்டிரைவை ஆம்ப்ளியிடம் கொண்டுபோனேன்.

"கேட்டுட்டு ஒரு அபிப்ராயம் சொல்லணும், அண்ணே."

"வீட்டுல இருந்து கேட்டு அபிப்ராயம் சொல்லதுக்கு நான் பத்திரிகைக்காரனாலே? பந்தியில போட்டாத்தான் தெரியும். நாளைக்கு வெள்ளறடையில ஒரு கல்யாணம் உண்டு. வா, போட்டுப் பாப்போம்."

மறுநாள் இரண்டாம் பந்தி உட்கார்ந்ததும் என் முதல் பாட்டு ஒலித்தது. பருப்பு, சாம்பார் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது பாட்டில் கைகள் மெதுவாயின. எதிரே ஒரு பெரியவர் அவியலை வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் நிறுத்திவிட்டார். போளி வந்தது, பாயசம் வந்தது. கிதார் தனியாக வாசிக்கிற இடம் வந்தபோது வரிசையாக எல்லாரும் இன்னொரு தடவை பாயசம் கேட்டார்கள். பிறகு இன்னொரு தடவையும் கேட்டார்கள். ஒருவர்கூட இலையை மடக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நாற்காலியைக் குலுக்க ஆரம்பித்தார்கள். எனக்கோ கால் தரையில் படவில்லை.

சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"எடா ஆம்ப்ளி, பாயசம் தீர்ந்நு போயி! என்னத்தடா போட்டுத் தொலைச்ச? மாப்பிள வீட்டு ஆளுவ இனிதான் இருக்கணும்!"

மாப்பிள்ளையின் தாய்மாமன் போளியைக் கையில் வைத்துக்கொண்டு, பாயசம் எங்கே என்று கேட்டார். எங்கள் ஊரில் பாயசம் இல்லாத போளியைப் பரிமாறுவதும் சம்பந்தத்தை முறித்துக்கொள்வதும் ஏறக்குறைய ஒன்றுதான். சட்டைகள் பிடிபட்டன. ஆம்ப்ளி என் பாட்டைப் பாதியில் வெட்டி, செண்டை அதிரும் சிங்காரி மேளத்தைப் போட்டார். நாலே நிமிஷத்தில் கூடம் காலி.

அப்புறம் என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார்.

"ஒனக்க பாட்டு ஆபத்தாக்கும். இனி இத நம்ம பக்கத்துல ஒருத்தனும் போடப்பிடாது."

சொன்னதோடு நில்லாமல் எல்லா மைக் செட்காரர்களுக்கும் போன் செய்து எச்சரித்தார். விமர்சகர்கள் சும்மா திட்டுவார்கள், இவர் ஊர்விலக்கே செய்துவிட்டார். திங்கட்கிழமை நான் கிதாரைப் பரணில் ஏற்றிவிட்டு, குளியலறைக்கு எது வழுக்காது என்று பேசப் போனேன். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எட்டு மாதம் கழித்து ஆம்ப்ளி கடைக்கு வந்தார். டைல்ஸ் வாங்க வந்தார் என்று நினைத்து நாற்காலி போட்டேன். அவர் கல்யாணக் கடிதத்தை நீட்டினார்.

"எனக்க மூத்த மவளுக்க கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. ஒனக்க அந்த எட்டு பாட்டையும் கொண்டு வா."

"அதெல்லாம் ஆபத்துல்லா, அண்ணே?"

"எலே, கொண்டு வான்னா கொண்டு வா. நீயே இருந்து போடணும், கேட்டியா?"

பழிவாங்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று எண்ணிக்கொண்டேதான் போனேன். முதல் மூன்று பந்திக்கும் மேளத்தைப் போட்டு, கண்மூடித் திறப்பதற்குள் ஊரைச் சாப்பிட்டு எழும்ப வைத்தார். கடைசிப் பந்தி வீட்டாருக்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, மகளுக்கு எதிரே போய் ஆம்ப்ளி உட்கார்ந்தார். எத்தனையோ கல்யாணங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். இலை முன்னால் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"இனி போடு, மக்கா" என்றார்.

போட்டேன். வெள்ளறடையில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. கைகள் மெதுவாயின. மகள் ஏதோ சொல்லிச் சிரிக்க, அவர் ஒரு வாய்ச் சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டிருந்தார். வாசலில் பெண்ணை ஏற்றிப்போகிற கார் நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்து, "ராகு காலத்துக்கு மின்ன பிள்ளய இங்கேருந்து இறக்கணும், மேளத்தப் போடச் சொல்லுங்க" என்றார். மேளம் போட்டால் எழும்பிவிடுவார்கள். நான் ஆம்ப்ளியைப் பார்த்தேன். வேண்டாம் என்று இடது கையைச் சின்னதாக ஆட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேளத்தின் பக்கம் போன கையை எடுத்துவிட்டேன்.

ஆறு, ஏழு, எட்டு. எட்டாவது பாட்டும் முடிந்தது. அவர் இலை எப்போதோ காலி. மடக்காமல் இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"தீந்து போச்சாலே?"

"எட்டுதான் உண்டு, அண்ணே."

"இன்னும் ரெண்டு பாட்டு உண்டாக்கி வச்சிருக்கப்பிடாதா மக்கா?"

மகள் எழுந்தாள்.

மறுநாள் அத்தானிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, பரணிலிருந்து கிதாரை இறக்கினேன். சென்னைக்காரரோ திருவனந்தபுரத்துக்காரரோ என்ன எழுதுவார்கள் என்று இப்போது நான் யோசிப்பதே இல்லை. ஆம்ப்ளிக்கு இளைய மகள் ஒருத்தி உண்டு. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள், வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் எப்படியாவது பதினாறு பாட்டாக்கிவிட வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார்.